முட்டையும் விளாம்பழமும் ஒரு ஃபிளாஷும்

கேள்வி: ஐயா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். உயர்தரம் முடித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. போன வருடம் பாவித்த கமரா ஒன்று வாங்கினேன், அதோடு ஒரு ஃபிளாஷும் தந்தார்கள். பகலில் கடற்கரையில் எடுக்கிற படங்கள் பரவாயில்லை. போன மாதம் சித்தியின் மகளுக்குச் சாமத்திய வீடு. "வெளியாள் எதுக்கு, நீயே எடு" என்று சொல்லிவிட்டார்கள். மண்டபத்தில் எடுத்த அத்தனை படத்திலும் பிள்ளையின் முகம் சுண்ணாம்பு பூசினமாதிரி. பின்னால் அவ்வளவு செலவழித்துச் செய்த சோடனை கறுப்பாகக் கிடக்கிறது. போனில் ஓர் அப்பை வைத்துத் திருத்தப் பார்த்தேன், இன்னும் கெட்டுப்போயிற்று. "இதுக்குப் போனிலேயே எடுத்திருக்கலாம்" என்று மாமா ஒருவர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் முதலில் பழகவேண்டியது ஃபிளாஷா, எடிட்டிங்கா? எந்த மென்பொருள் நல்லது? கொழும்புக்குப் போய்க் கோர்ஸ் ஏதும் படிக்கவேண்டுமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: பிள்ளை, மாமா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கோபிக்காதீர்கள். போன் கமரா ஒரு தட்டலில் பல படங்களை எடுத்து, நல்ல பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. அது மண்டபத்து லைற்றையே நம்பி வேலை செய்கிறது. நீங்கள் அந்த லைற்றை முழுக்க ஒதுக்கிவிட்டு, கமராவின் தலையில் ஃபிளாஷைப் பூட்டி, நேரே முகத்தில் அடித்திருக்கிறீர்கள்.

இரவில் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் போகும்போது நம்மூர்ப் புள்ளிமான் மோட்டார்சைக்கிள் லைற்றில் அகப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். கண் இரண்டும் மினுங்கும். உடம்பு தட்டையாக, கடதாசியில் வெட்டி ஒட்டினதுபோல் வெளிறித் தெரியும். அதற்குப் பின்னால் மரம் நிற்கிறது, மதில் நிற்கிறது, ஒன்றும் தெரியாது. நீங்கள் எடுத்தது அந்தப் படம்தான். மானுக்குப் பதிலாகச் சித்தியின் மகள் நிற்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். கமராவிலும் பிழையில்லை, ஃபிளாஷிலும் பிழையில்லை. வெளிச்சம் வந்த திசை பிழை.

ஃபிளாஷா எடிட்டிங்கா என்று கேட்டீர்கள். ஃபிளாஷ்தான் முதலில். ஆனால் எடிட்டிங்கை ஒதுக்கிவைக்கவும் சொல்லமாட்டேன், அது உங்கள் பிழையைக் காட்டித்தரும் கண்ணாடி. எப்படி என்று பிறகு வருகிறேன்.

மண்டபத்துக்குள் நீங்கள் ஒரு தடவை பட்டனை அமத்தும்போது இரண்டு படம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகிறது. ஒன்றை மண்டபத்து லைற் வரைகிறது, மற்றதை ஃபிளாஷ் வரைகிறது. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபிளாஷ் மின்னி மறைகிற நேரம் மிகச் சிறியது, வலுவைக் குறைத்து வைத்தால் செக்கனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. 1957இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஹரல்ட் எட்ஜர்ட்டன் ஒரு பால்துளி விழுந்து கிரீடம்போலத் தெறிப்பதைப் படமாக்கினார். அந்தத் துளியை நிறுத்திப் பிடித்தது கமராவின் ஷட்டர் அல்ல, ஃபிளாஷ்தான். கலியாண வீட்டில் அறுகரிசி காற்றில் நிற்கிறமாதிரிப் படம் எடுக்க ஆசையென்றால் அதே வித்தைதான்.

அவ்வளவு சுருக்காக மின்னுகிறபடியால், ஷட்டரை 1/200இல் வைத்தாலும் 1/50இல் வைத்தாலும் ஃபிளாஷ் முகத்தில் விழுத்துகிற வெளிச்சம் மாறாது. ஆனால் மண்டபத்து லைற் 1/50இல் நாலு மடங்கு கூடுதலாகப் பதியும். ஆகவே ஷட்டர் பின்னால் இருக்கிற சோடனைக்கு. ஃபிளாஷின் வலு முன்னால் இருக்கிற முகத்துக்கு. அப்பச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்துக் கூட்டும், குறைக்கும். உங்கள் படங்களின் விபரத்தைத் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்று இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். பகலில் கடற்கரையில் வைத்ததை மாற்றாமல் மண்டபத்துக்குக் கொண்டுபோயிருப்பீர்கள்.

அடுத்த முறை கமராவை எம், அதாவது மனுவலுக்குத் திருப்புங்கள். ஐஎஸ்ஓ 800, அப்பச்சர் எஃப் 4, ஷட்டர் 1/60. முதலில் ஃபிளாஷை நிறுத்திவிட்டு ஒன்று எடுத்துப் பாருங்கள். சோடனை கொஞ்சம் மங்கலாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், 1600 போனாலும் பயமில்லை. பின்புறம் சரிவந்த பிறகு ஃபிளாஷைப் போட்டு, மனுவலில் 1/16 வலுவில் தொடங்கி, முகம் சரியாகிறவரை ஏற்றி இறக்குங்கள். டிடிஎல் என்கிற தானியங்கி முறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அவசரத்துக்கு உதவும். ஆனால் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்தால் அது ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கரும்பச்சைக் கூறைக்குக் கூட்டிவிடும். பழகுகிற காலத்தில் மனுவலே நல்ல வாத்தியார்.

ஷட்டருக்கு ஓர் எல்லையும் உண்டு. அதை நான் படித்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

1980களின் தொடக்கம். என்னிடம் இருந்தது பென்ரக்ஸ் கே1000. அந்தக் கமராவில் ஃபிளாஷ் போட்டால் ஷட்டர் 1/60ஐத் தாண்டக்கூடாது. உள்ளே இரண்டு துணித்திரை. ஒன்று திறந்துகொண்டு போகும், மற்றது மூடிக்கொண்டு பின்னால் வரும். 1/60வரை முதல் திரை முழுக்கத் திறந்த பிறகுதான் இரண்டாவது புறப்படும். அதைவிட வேகம் கூடினால், முதலாவது போய்ச் சேருமுன் இரண்டாவது வெளிக்கிட்டுவிடும். ஃபிளாஷ் மின்னும்போது படத்தின் ஒரு பகுதியைத் திரை மறைத்துக்கொண்டு நிற்கும். கலியாண வீடு ஒன்று, தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம், சனத்தின் நெரிசல். ஆரோ தோளில் இடித்ததில் ஷட்டர் சில்லு 1/125க்குத் திரும்பிவிட்டது. எனக்குத் தெரியாது. பிலிமைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி எடுத்து, நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கே1000இன் திரை பக்கவாட்டில் ஓடுகிறது, அதனால் மறைப்பும் பக்கவாட்டில்தான் விழும். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு படம். எல்லாவற்றிலும் மாப்பிள்ளை இருக்கிறார், கையில் தாலி இருக்கிறது, பொம்பிளையைக் காணோம். அவ இருந்த பாதி நெகட்டிவ் கண்ணாடிமாதிரித் தெளிவாக இருந்தது. அச்சடித்தால் கறுப்பு.

அந்த வீட்டுக்கு நடந்து போன தூரம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பொம்பிளையின் தகப்பன் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இவர் ஆருக்குத் தாலி கட்டுறார்?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. காசும் தந்தார். அதுதான் இன்னும் கொடுமை.

இன்றைய கமராக்களில் இந்த எல்லை பெரும்பாலும் 1/200 அல்லது 1/250. கமராவும் ஃபிளாஷும் ஒன்றையொன்று அறிந்திருந்தால் அதற்கு மேல் போகவிடாது. ஃபிளாஷைக் கழற்றித் தள்ளி வைத்து மின்னச்செய்கிற மலிவான டிரிக்கர் போட்டால் அந்தக் காவல் இல்லை. கறுப்புப் பட்டை ஒன்று படத்தின் ஓரத்தில் தெரிந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனித் திசை. ஃபிளாஷின் தலை திரும்பும் என்பதைக் கவனித்தீர்களா? சின்னத் தலை நேரே அடித்தால் கூர்மையான, கடுமையான வெளிச்சம். அதையே ஒரு வெள்ளைச் சுவரில் அடித்துத் திரும்பிவரச் செய்தால், அந்தச் சுவர் முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். விளக்குப் பெரிதானால் நிழலின் ஓரம் மெதுமையாகும். இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள் கூரையைப் பார்த்து அடி என்பார்கள். அவர்கள் ஊர் வீடுகளில் தாழ்வான வெள்ளைச் சீலிங். நம்முடைய வீடுகளில் மேலே ஓடு, அல்லது சீற். மண்டபத்தில் கூரை எங்கேயோ உயரத்தில், அதிலும் ஊதாச் சேலையைத் தொங்கவிட்டுச் சோடித்திருப்பார்கள். மேலே அடித்தால் வெளிச்சம் திரும்பி வரவே வராது. வந்தாலும் ஊதாவாக வரும். ஆகவே பக்கச் சுவரைத் தேடுங்கள். அதுவும் பச்சைச் சுவர் என்றால் முகமும் பச்சை. உள்ளூர் வழி ஒன்று சொல்கிறேன். பெட்டிகளில் வருகிற வெள்ளை ரெஜிபோம் தட்டு ஒன்றை எடுத்து, மச்சாள்மாரில் ஒருத்தியிடம் கொடுத்து, பிள்ளைக்கு இடப்பக்கம் இரண்டு மீற்றர் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷை அந்தத் தட்டைப் பார்த்து அடியுங்கள். நான் பார்த்த அளவில், கடையில் விற்கிற பாதிச் சாமான்கள் செய்கிற வேலையை இது செய்யும்.

குடும்பப் படத்துக்கு ஒரு கணக்கு. கணக்கு எழுதுகிறவர், உங்களுக்கு இது பிடிக்கும். வெளிச்சம் போகிற தூரம் இரண்டு மடங்கானால் அதன் வலு காலாகிவிடும். முன்வரிசை ஃபிளாஷிலிருந்து 1 மீற்றர், பின்வரிசை 2 மீற்றர் என்றால், பின்னால் நிற்கிற பெரியப்பாவுக்குக் கிடைப்பது முன்னால் இருக்கிறவரின் வெளிச்சத்தில் 25 வீதம். ஃபிளாஷைப் பின்னுக்குக் கொண்டுபோய் 4 மீற்றரில் வைத்தால் பின்வரிசை 5 மீற்றர். 16ஐ 25ஆல் பிரியுங்கள், 64 வீதம் வரும். இப்போது பெரியப்பா தெரிவார். சாமத்தியப் படத்தில் சோடனை கறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் பிள்ளைக்கு மிகக் கிட்ட நின்றிருக்கிறீர்கள், சோடனை மூன்று மடங்கு தூரத்தில் இருந்திருக்கிறது.

பழக மண்டபம் தேவையில்லை. ஒரு கோழிமுட்டை, ஒரு விளாம்பழம், ஒரு கறுப்புத் துணி, இரவு எட்டு மணிக்குக் குசினி மேசை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஃபிளாஷைக் கமராவிலிருந்து கழற்றி, டிரிக்கர் ஒன்றால் இணைத்து, முதலில் நேர் முன்னால் வைத்து எடுங்கள். முட்டை ஒரு வெள்ளை வட்டம். விளாம்பழம் ஒரு சாம்பல் வட்டம். இனி ஃபிளாஷை இடப்பக்கம் 45 பாகைக்கு நகர்த்தி எடுங்கள். முட்டைக்கு உருண்டை வரும், வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மெல்ல இறங்குவது தெரியும். இன்னும் நகர்த்தி, முழுக்கப் பக்கத்தில் 90 பாகையில் வையுங்கள். முட்டை பாதி இருட்டில் போய்விடும். ஆனால் விளாம்பழத்தைப் பாருங்கள். அதன் ஓட்டில் உள்ள ஒவ்வொரு சொரசொரப்பும், தூள்படிந்த வெள்ளைப் பூச்சும், காம்பு முறிந்த இடமும் தனித்தனியாக எழும்பி நிற்கும். வழுவழுப்பான தோலுக்கு ஒரு திசை, தோல் சொல்லுகிற கதைக்கு இன்னொரு திசை. சின்னப் பிள்ளையின் முகம் முட்டை. சீனன்குடாவில் வலை பொத்துகிற ஐயாவின் முகம் விளாம்பழம். பிறகு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு அதற்கூடாக அடித்துப் பாருங்கள், துணியைக் கிட்டக் கொண்டுவந்தும் தள்ளியும். ஒரு கிழமைக்கு ஒவ்வொரு இரவும் இதைச் செய்தால், கோர்ஸில் முதல் மாதம் சொல்லித் தருவதை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். முட்டையைப் பிறகு பொரிக்கலாம்.

கோழியைப் பற்றிச் சொல்லும்போது ஜூலியா மார்கரட் கமரூன் நினைவுக்கு வருகிறா. உலகப் புகழ்பெற்ற முகப்படக் கலைஞர். கமராவைத் தொட்டதே 48 வயதில். இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டைத்தான் கண்ணாடி போட்டு ஸ்டூடியோ ஆக்கினா. ஃபிளாஷ் இல்லாத காலம். திரைச்சேலைகளை இழுத்து மூடி, எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் வரவேண்டும் என்று தீர்மானிப்பா. 1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டத் தொழிலாளர்களையும் கிராமத்தவர்களையும் படமெடுத்தா. 1879இல் இங்கேயே காலமானா, கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவவின் படங்களைத் தேடிப் பாருங்கள். முகத்தின் ஒரு பாதியை நிழலுக்கு விட்டுக்கொடுக்கிற துணிச்சலை அதில் பார்க்கலாம். நம்மட கலியாண அல்பங்களில் நிழல் என்றாலே எல்லாருக்கும் பயம்.

வெளிவேலைக்கு வருவோம். நமது ஊருக்கு ஒரு வசதி உண்டு. டச்சு விரிகுடாப் பக்கம் சூரியன் கடலில் எழும்பும். கொஞ்சத் தூரம் நடந்து மறுபக்கம் வந்தால் உட்துறைமுகத்துத் தண்ணீருக்கு மேலே சாயும். பின்னேரம் ஆறு மணிக்கு உட்துறைமுக வீதியில் தங்கையை நிறுத்துங்கள், வானம் பின்னால். ஃபிளாஷ் இல்லாமல் வானத்தை மட்டும் பார்த்து அளந்து, ஒரு படி இருட்டாக எடுங்கள். தங்கை நிழலுருவம் ஆகிவிடுவா, வானத்தின் செம்மஞ்சள் நிற்கும். இனி ஃபிளாஷைப் பக்கத்தில் ஒருவரிடம் பிடிக்கக் கொடுத்து, முகத்துக்குத் தேவையான அளவு மட்டும் போடுங்கள். ஃபிளாஷின் வெளிச்சம் மதிய வெயிலின் நிறம், பின்னேர வானத்தோடு ஒட்டாது. செம்மஞ்சள் ஜெல் துண்டு ஒன்றைத் தலையில் ஒட்டினால் ஒட்டும். கடற்படை முகாம் பக்கமும், கோட்டைக்குள் இராணுவத்தின் கட்டடங்கள் பக்கமும் கமராவைத் திருப்பவேண்டாம். கோணேசர் கோயிலில் ஐயரைக் கேட்காமல் ஃபிளாஷைத் தொடவே வேண்டாம்.

உச்சி வெயிலில் ஃபிளாஷ் எதுக்கு என்று கேட்பார்கள். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும், ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மறுபடி வரும். புதுவருசத்தன்று மத்தியானம் முற்றத்தில் நிற்கிறவரைப் பாருங்கள். கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து கிடக்கும். மெல்லிய ஃபிளாஷ் ஒன்று அந்தக் குழிகளை நிரப்பும். ஆனால் அந்த வெயிலோடு போட்டி போட ஃபிளாஷ் முழு வலுவில் இயங்கவேண்டியிருக்கும், சூடேறும், அடுத்த மின்னலுக்குக் காக்கவைக்கும். நான் என்றால் ஆளை வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டுவிடுவேன்.

இனி எடிட்டிங். "திருத்தினால் அது பொய்ப்படம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் லயனல் வென்ட் தியேட்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வென்ட் 1944இல் இறந்த, பியானோ வாசித்த, இலங்கையின் மிகப் பெரிய படக்கலைஞர். படம் கழுவும்போது பாதியில் வெளிச்சத்தைக் காட்டி, கறுப்பு வெள்ளை தலைகீழாகி உருவத்தைச் சுற்றிக் கோடு விழுகிற சோலரைசேஷன் வித்தையையும், இரண்டு மூன்று படங்களை ஒன்றாக்குகிற வித்தையையும் இருட்டறைக்குள் செய்துகாட்டியவர். இருட்டறைக்குப் பதிலாக இப்போது மடிக்கணினி. கையில் மருந்து மணக்காது, அவ்வளவுதான்.

கமராவில் படத்தின் வகையை றோ என்று மாற்றுங்கள். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்திருக்கும். 14 பிட் றோவில் 16,384. போன் அப்பில் நீங்கள் இழுத்தபோது பிள்ளையின் கன்னம் திட்டுத்திட்டாக வெடித்திருக்குமே, அது படிகள் தீர்ந்துபோனதன் அடையாளம். றோ என்றாலும் முழுக்க எரிந்துபோன வெள்ளையை மீட்க வழியில்லை. பிலிம் காலத்தில் எங்களுக்குப் பழக்கம் நேரெதிர். நெகட்டிவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் கொடு என்பார்கள், கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. டிஜிட்டலுக்குக் குறைந்தால் தாங்கும், கூடினால் தாங்காது. என் வயதுக்காரர் ஒருவர் "நல்லா லைற் குடு பிள்ளை" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, வேட்டியின் மடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். மடிப்புத் தெரிந்தால் படம் பிழைத்தது.

திருத்தும்போது முதலில் வைட் பலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது. அது சரிவராமல் வேறெதையும் தொடவேண்டாம். ஒரு மண்டபத்தில் குத்துவிளக்கு ஒரு நிறம், சோடனை எல்ஈடி ஒரு நிறம், உங்கள் ஃபிளாஷ் ஒரு நிறம். தண்ணீருக்குள் கூட இதே சிக்கல்தான். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். அந்தக் கடலில் சில மீற்றர் ஆழம் போனாலே தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும், எல்லாம் நீலம்பச்சையாகும். புறாத்தீவில் முக்குளிக்கிறவர்கள் ஃபிளாஷ் கொண்டுபோவது இருட்டுக்காக மட்டுமில்லை, பவளத்தின் சிவப்பைத் திரும்ப வரவழைக்கவும்தான். மண்டபத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து முதலாவதாக ஒரு படம் எடுங்கள். பிறகு கணினியில் அந்தக் கடதாசியில் ஒரு சொடுக்கு. அதே இடத்தில் எடுத்த நூறு படத்துக்கும் நிறம் சரி.

அதன் பிறகு வெளிச்சம், வெள்ளைகள், நிழல்கள், வெட்டுதல். கடைசியில்தான் தோல். தோலில் எனக்கு ஒரே ஒரு சட்டம்: ஒரு மாதத்தில் தானாகப் போகக்கூடியதை எடுக்கலாம், போகாததைத் தொடக்கூடாது. பரு போகும், மச்சம் போகாது.

முகத்தை வெள்ளையாக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சித்தி கேட்பா. எல்லாச் சித்திமாரும் கேட்பார்கள். நானும் பல வருடம் செய்தேன். புதிதாகக் கணினி வாங்கிய காலம், ஒரு பிள்ளையின் படத்தை இரண்டு மூன்று படி வெளிறச் செய்து, அசலின் மேலேயே சேவ் பண்ணிவிட்டேன். வீட்டாருக்கு நல்ல சந்தோசம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அல்பமெல்லாம் கடலோடு போன சனம் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளையின் தாயும் வந்தா. இருந்த ஒரே படத்தை அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, இன்னொரு முறை துடைத்து, "நிறம் இப்பிடி இல்லையே தம்பி" என்றா. துடைத்தால் போய்விடும் என்று நினைத்திருக்கிறா. அசல் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் பத்து நிமிச வேலை.

அன்றிலிருந்து அசலைத் தொடுவதில்லை, மாநிறத்தை மாநிறமாகவே விடுகிறேன். கேட்கிறவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பக்கத்திலிருந்து நல்ல வெளிச்சம் விழுந்த படமென்றால் முக்கால்வாசிப் பேர் மாநிறத்தையே எடுக்கிறார்கள். வெள்ளையாக்கச் சொல்வதே நேர் ஃபிளாஷ் முகத்தைக் கெடுத்துவிட்டபடியால்தான் என்பது என் எண்ணம். நீங்களும் இரண்டு வன்தட்டில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் அசலை வையுங்கள்.

எடிட்டிங் பிழையைக் காட்டும் என்று சொன்னேன். ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும், மென்பொருளில் எந்தப் பிடியை எந்தப் பக்கம் அடிக்கடி இழுத்தீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். ஐம்பது படத்திலும் வெள்ளைகளைக் கீழே இழுத்திருந்தால் உங்கள் ஃபிளாஷ் ஒரு படி கூட. எல்லாவற்றிலும் நிழலைத் தூக்கியிருந்தால் ஷட்டர் வேகம் கூட. எல்லாவற்றிலும் பச்சையைக் குறைத்திருந்தால் நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பச்சைச் சுவர் இருந்திருக்கிறது. அடுத்த நிகழ்வில் அந்தப் பிடியைத் தொடத் தேவையில்லாமல் எடுக்கப் பாருங்கள். ஆறு நிகழ்வு போனால் கொப்பியில் எழுத அவ்வளவாக இராது. மற்றவர் செய்து விற்கிற பிரிசெட்டுகளை வாங்கினால் இந்தக் கொப்பியை எழுத முடியாது. எங்கேயோ குளிர்நாட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குச் செய்ததை நம் மண்டபத்து ஊதாவின்மேல் போட்டால், சாமத்தியப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தமாதிரி இருக்கும்.

மென்பொருள்: மடிக்கணினி இருந்தால் டார்க்டேபிள், இலவசம், லைட்ரூம் செய்கிற வேலையில் உங்களுக்குத் தேவையானது அவ்வளவும் செய்யும். முதல் இரண்டு கிழமை தலை சுற்றும், விட்டுவிடாதீர்கள். மடிக்கணினி இல்லையென்றால் போனில் ஸ்னாப்சீட் இப்போதைக்குக் காணும். இரவில் போனின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டிவைத்துத் திருத்தவேண்டாம், காலையில் பார்த்தால் எல்லாம் இருட்டாக இருக்கும்.

கோர்ஸ்: இப்போது வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு டிரிக்கரும் ஒரு லைற் ஸ்டாண்டும் ஒரு வெள்ளைக் குடையும் வாங்குங்கள். முட்டையும் விளாம்பழமும் கைவந்த பிறகு, மூன்று நாலு கலியாண வீட்டுக்கு இங்குள்ள ஒரு படப்பிடிப்பாளரிடம் ஃபிளாஷ் பிடிக்கிற பிள்ளையாகப் போங்கள். பொம்பிளை வெளிக்கிடுகிற அறைக்குள் உங்களால் போக முடியும், அவரால் முடியாது. அதனால் வேண்டாமென்று சொல்லமாட்டார்.

கடற்காற்று ஃபிளாஷின் அடியிலுள்ள பித்தளைப் புள்ளிகளில் பச்சை ஏற்றிவிடும். உப்புவெளியில் இருக்கிறீர்கள், கிழமைக்கு ஒருதரம் காய்ந்த துணியால் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். பற்றரி நாலு போதாது. பன்னிரண்டு வாங்கி, நாலு நாலாக றப்பர் பாண்ட் போட்டுக் கட்டிவையுங்கள், முடிந்ததைத் தலைகீழாகக் கட்டினால் குழம்பாது. அடுத்த சாமத்திய வீடு எப்போது?